கறை மேஜை அத்தையின் விட்டமின் டி

என் அத்தைக்கு மெழுகுவத்தி என்று பெயர் வைத்தது நான்தான். தெரு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அத்தை என்றால் அப்பாவின் தங்கை. கல்யாணம் என்று ஒன்று நடந்து, அதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக்கூடாது என்கிற அளவுக்கு முடிந்தும் போய், எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தவள். வந்த கையோடு ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அது தரைக்குக் கீழே இரண்டாவது தளம். அதற்கு மேல் தளத்தில் கார்கள் நிற்கும். அந்த ஹோட்டலில் கார்களுக்கு அடுத்த படியில் என் அத்தை இருந்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விடிவதற்குள் போய், இருட்டிய பிறகு வருவாள். வாரத்தில் ஒரு நாள் லீவு. அதையும் தூங்கியே தீர்ப்பாள். வருஷம் ஏற ஏற முகம் மெழுகாக வெளுத்துக்கொண்டே வந்தது. தெருவில் மற்ற பெண்கள் ட்யூப் ட்யூபாகக் களிம்பு தேய்த்தும் வராத நிறம். யாராவது கேட்டால், "எங்க ஆபீஸ்ல இது ஃப்ரீ, கூடவே சம்பளமும் தர்றாங்க" என்பாள்.

அந்த ஆபீஸை நான் ஒரு தடவை பார்த்திருக்கிறேன், அவள் மறந்துவிட்டுப் போன மூக்குக் கண்ணாடியைக் கொடுக்கப் போனபோது. ஜன்னல் என்று ஒன்று கிடையாது. கூரை முழுக்கக் குழாய்கள். ஆள் உயரத் துவைக்கும் மெஷின்கள் வட்டக் கதவைக் கண்ணாக வைத்துக்கொண்டு வரிசையாக முறைத்தன. எல்லோர் புருவத்திலும் பஞ்சு. ஒரு மூலையில் மேல் மாடிகளிலிருந்து இறங்கும் அகலமான தகரக் குழாய். எந்த மாடியில் அழுக்குத் துணியைப் போட்டாலும் கீழே ஒரு கம்பிக் கூண்டில் வந்து தொப்பென்று விழும். கீழே இருப்பவர்களுக்கு வெளியுலகச் செய்தி அது ஒன்றுதான். துணி கொட்டோ கொட்டென்று கொட்டினால் ஆட்கள் அறையைக் காலி செய்கிறார்கள், மதியம் நெருங்குகிறது. துணியோடு பல் செட்டு, ஒற்றைக் காலுறை, மோதிரம் எல்லாம் விழும். எடுத்துத் தனியே வைக்க வேண்டும். மோதிரம் விழுந்தால் சீக்கிரமே ஆள் வரும், பல் செட்டைத் தேடி இதுவரை ஒருத்தரும் வந்ததில்லை என்பாள் அத்தை.

அவளுடைய இடம் கறை மேஜை. உதட்டுச் சாயம், மை, ஷூ பாலிஷ், ரத்தம், வீட்டில் சொல்ல முடியாத இன்னும் சில, எல்லாம் பட்ட துணிகளைப் பிரித்து அவளிடம் தள்ளுவார்கள். அங்கே ஒரே சட்டம். கறை போகவில்லையா, மறுபடி போடு. மருந்தைக் கூட்டிப் போடு. அப்போதும் போகவில்லையா, இன்னும் கூட்டு. பழைய கறைக்குப் பழைய கறை அளவு மருந்து. இந்தச் சட்டத்தை அத்தை வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தாள். பாத்திரம் தேய்ப்பதோ என் காதைத் திருகுவதோ, பலன் போதவில்லை என்று பட்டால் இரண்டாவது சுற்று நிச்சயம்.

என் காதுக்கு வேலை அதிகம்தான். அவள் பைக்குள் நான் ரப்பர் பல்லியைப் போட்டு அனுப்பினால், மறுநாள் என் செருப்புக்குள் ஈரச் சோப்பு இருக்கும். அவள் சட்டைக் கையை நான் தைத்து மூடினால், என் தலையணை உறைக்குள் ஒரு கூடை பஞ்சுத் தூசி இருக்கும். அப்பா லாரி ஓட்டுகிறவர், மாதத்துக்கு ஒரு முறை தலைகாட்டுவார். மீதி நாளெல்லாம் இந்தப் போருக்கு நடுவில் அம்மா ஒருத்திதான் பெரிய மனுஷி.

அத்தைக்குக் காலில் வலி வந்தது. வந்தது என்றால் ஒரே நாளில் வரவில்லை. முதலில் படியேறும்போது கைப்பிடியைப் பிடித்தாள். பிறகு பிடிக்காமல் ஏற முடியவில்லை. எலும்புக்குள்ளே யாரோ உட்கார்ந்துகொண்டு ஆணி திருகுவது மாதிரி இருக்கிறது என்றாள். கறை மேஜையில் நாற்காலி கிடையாது. குனிந்து பார்க்கிற வேலைக்கு உட்கார்ந்தால் கண் எட்டாது என்பது மேனேஜரின் கண்டுபிடிப்பு. ஒரு நாள் அவள் மேஜையில் முழங்கையை ஊன்றி நிற்பதைப் பார்த்துவிட்டு, நிற்க முடியாவிட்டால் சொல்லிவிடலாம், வாசலில் நிற்கத் தயாராக ஆட்கள் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். கோபமே இல்லாமல் சொன்னாராம். அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

அந்தச் சமயத்தில்தான் ரோலர் அக்கா மேல் மாடிக்குப் போனாள். ரோலர் அக்கா அத்தையோடு கூட வேலை பார்த்தவள். சூடான உருளைக்குள் படுக்கை விரிப்பை விட்டு எடுக்கிற வேலை. அவளுக்கும் முட்டி வலி இருந்தது. அவள் மகன் டாக்டரிடம் அழைத்துப் போக, டாக்டர் ரத்தத்தில் விட்டமின் டி பார்க்கச் சொல்ல, அது அதலபாதாளத்தில் இருந்தது. வெயிலே படாத இடத்தில் வேலை பார்க்கிறவளுக்கு வேறு எப்படி இருக்கும், வெளிச்சம் வருகிற இடத்துக்கு மாற்றுங்கள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். மேனேஜருக்கு என்ன பயமோ, மறு வாரமே அவளை ஏழாவது மாடித் துணி அறைக்கு அனுப்பிவிட்டார். அங்கே ஜன்னல் உண்டு. ஜன்னலுக்கு வெளியே ஒரு மரத்தின் தலை தெரியும். இதை அத்தை அந்த மரத்தையே கையோடு கொண்டுவந்தவள் மாதிரி எங்களிடம் சொன்னாள்.

சலவைப் பிரிவில் ஒருத்தி டாக்டரைப் பார்த்தால் எல்லோரும் பார்த்த கணக்கு. ஒருத்திக்கு எழுதிய இருமல் மருந்து எல்லோர் இருமலுக்கும் போகும். லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரி பெஞ்சில் தேய்வதற்கு யாருக்கு நேரம் இருக்கிறது. அப்படி ரோலர் அக்காவின் விட்டமின் மாத்திரைக் காலி அட்டை ஒன்று கீழே இறங்கியது. அதைக் காட்டினால் மருந்துக் கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் கொடுத்தார். வாரத்துக்கு ஒரு மாத்திரை, அதற்கு மேல் கூடாது என்று ரோலர் அக்கா எல்லோரிடமும் சொல்லித்தான் கொடுத்தாள். எல்லோரும் அப்படித்தான் போட்டார்கள்.

அத்தை தினமும் போட்டாள். எங்களுக்கு இது பிற்பாடுதான் தெரிந்தது. காதில் சரியாகத்தான் விழுந்திருந்தது, மறக்கவும் இல்லை. ரோலர் அக்கா கீழே வந்து நாலைந்து வருஷம் இருக்கும். அத்தை அவளுக்கு வெகுகாலம் முன்னாலேயே வந்தவள். அப்படியானால் இது பழைய கறை. பழைய கறைக்கு எவ்வளவு போட வேண்டும் என்று அந்தத் தளத்தில் அவளைவிடத் தெரிந்தவர் யார்?

ஆரம்பத்தில் கால் மருந்துக்குக் கேட்டது. படியில் கைப்பிடியைத் தொடாமல் ஏறிக் காட்டினாள். அம்மாவும் நானும் கைதட்டினோம். மருந்தைக் கூட்டியது வீண்போகவில்லை என்று அவள் மனதுக்குள் நினைத்திருப்பாள்.

பிறகு தாகம் பிடித்தது. சொம்பு சொம்பாகத் தண்ணீர். சாப்பாட்டைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காலையில் வாந்தி. அம்மா ஒரு மாதிரியாகப் பார்த்ததும், "அண்ணி, உங்க கற்பனைய கொஞ்சம் அடக்கி வைங்க" என்று குளியலறையிலிருந்தே சத்தம் கொடுத்தாள். கால் வலி திரும்பி வந்தது. இந்த முறை கால் வலியோடு ஒரு பலவீனமும் சேர்ந்துகொண்டது. முறுக்கு தளர்ந்த பொம்மை மாதிரி நடந்தாள்.

அதற்கப்புறம் நடந்ததுதான் எங்கள் வீட்டில் மட்டும் நடக்கக்கூடியது. ஒரு நாள் டீயில் உப்பு போட்டாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இன்னொரு நாள் வீட்டுச் சாவி சர்க்கரை டப்பாவுக்குள் இருந்தது. ஒரு நாள் ஒரு காலில் அவள் செருப்பும் மறு காலில் என் செருப்புமாக பஸ் நிறுத்தம் வரை போய்த் திரும்பி வந்தாள். வேறு வீடாக இருந்தால் பயந்திருப்பார்கள். எங்கள் வீட்டில் அதைக் குறும்புப் போரின் அடுத்த தாக்குதல் என்று எடுத்துக்கொண்டோம். நான் பதிலுக்கு அவள் சீப்பில் கோந்து தடவினேன். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சளைச்சதில்ல என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு ராத்திரி சாப்பிடும்போது அத்தை முகத்தை இயல்பாக வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாள்.

"உங்கப்பனுக்கு எப்போ கல்யாணம் பண்றதா இருக்கீங்க?"

"நாளைக்கு. பொண்ணு பாக்க நானும் போறேன்" என்றேன்.

சரி என்று தலையாட்டிவிட்டுக் கை கழுவப் போனாள். திரும்பி வந்து சிரிப்பாள் என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். படுத்துவிட்டாள்.

ஏழாவது மாடித் துணி அறையில் இன்னொரு இடம் காலியாகப் போகிறது என்று ரோலர் அக்காதான் சேதி அனுப்பினாள். அத்தை மேனேஜரிடம் போய் நின்றாள். அவளுக்கும் அதே மாதிரி ரத்தப் பரிசோதனை செய்து, அதே மாதிரி குறைந்திருந்தால், யோசிக்கலாம் என்றார் அவர். யோசிக்கலாம் என்ற சொல்லை அத்தை பாதி வழியிலேயே தரலாம் என்று மாற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

இனிமேல் எல்லாம் அந்த ஒரு எண்ணில் இருந்தது. அது குறைவாக வந்தால் மேலே. இல்லையென்றால் கறை மேஜையில் கால் மடங்கும் நாள் வரை நின்று, மடங்கிய அன்று வாசல். பரிசோதனையில் தோற்க வேண்டும் என்று ஒருத்தி ஆசைப்பட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. தோற்பதில் அந்த வீட்டில் நான்தான் நிபுணி. பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடமும் நானும் பரஸ்பரம் வணக்கம் போட்டுப் பிரிந்தவர்கள்.

"சொல்லு மருமகளே. ஃபெயிலாகணும்னா என்ன பண்ணணும்?"

"தெரிஞ்சது எதையும் எழுதக்கூடாது. அவ்வளவுதான் அத்தை."

அதை அவள் தன் கணக்கில் மொழிபெயர்த்துக்கொண்டாள். மாத்திரையை நிறுத்தினாள். நிறுத்தினால் இறங்கிவிடும், கறை திரும்பி வந்துவிடும் என்று நம்பிக்கை. லீவு நாளில் வாசலுக்கு வர மறுத்தாள். ஒரு நாள் அம்மா மாடியில் துணி காயப்போடச் சொன்னதற்கு, தலையில் துண்டைப் போட்டு, முழுக்கைச் சட்டையும் மாட்டி, குடையும் பிடித்துக்கொண்டு போனாள். கொடியிலிருந்த ஈரத் துணிகளுக்கு நடுவில் அந்தக் குடை மட்டும் நகர்வதைத் தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெயிலுக்குக் கடன்காரி மாதிரி ஒளிந்தாள்.

மாத்திரை நிறுத்தியும் உடம்பு தேறவில்லை. வாந்தி கூடியது, நாக்கு குழறியது. அவளுக்கு அது நல்ல சகுனம். "பாத்தியா, இறங்குது" என்றாள்.

பரிசோதனைக் கூடம் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் இருந்தது. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மின்விசிறி, சுவரில் ஒரு சிறுநீரகப் படம். ஒன்றும் சாப்பிடாமல் வர வேண்டியதில்லை என்று போனில் சொல்லியிருந்தார்கள். அத்தை முந்தின நாளிலிருந்தே பட்டினி. எதற்கு வம்பு என்றாள். ரத்தம் எடுக்கிற பெண் முழங்கைக்கு மேல் ரப்பரைக் கட்டித் தட்டிப் பார்த்தாள், நரம்பு அகப்படவில்லை. தண்ணி குடிக்கிறதே இல்லையா என்று கேட்டாள். குடம் குடமாகக் குடிக்கிறேன் என்றாள் அத்தை. அவள் கையின் உட்புறத்தை நான் அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. வெள்ளைக் காகிதத்தில் பச்சைப் பென்சிலால் கீறியது மாதிரி நரம்பு. மூன்றாவது குத்தில் ரத்தம் வந்தது.

"விட்டமின் மாத்திரை ஏதாவது போடறீங்களாம்மா?"

"இல்லையே" என்றாள் அத்தை, என்னைப் பார்க்காமல்.

இந்த ரத்தத்தில் உடம்பில் இருக்கிற எல்லா வியாதியும் தெரிந்துவிடுமா என்று அத்தை கேட்டாள். நீங்கள் கேட்டது மட்டும்தான் பார்ப்போம், விட்டமின் டி, மற்றதுக்கெல்லாம் டாக்டர் எழுதித் தரணும் என்றாள் அந்தப் பெண், குழாயைச் சாய்த்துச் சாய்த்து ஆட்டியபடி. இறங்கி வரும்போது அத்தை பஞ்சை அழுத்திக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வாயைக் கோணலாக்கி, கண்ணை மேலே சொருகி, செத்தவள் மாதிரி காட்டினாள். இது நடிப்பு என்று எனக்குத் தெரிந்தது. ஏனென்றால் ஒரு கண்ணைக் கொஞ்சம் திறந்து நான் பயந்தேனா என்று பார்த்தாள். அவள் எனக்குச் செய்து காட்டிய கடைசிச் சேஷ்டை அதுதான்.

ரிசல்ட்டை மறுநாள் சாயங்காலம் நானும் அத்தையும் போய் வாங்கினோம். அதே பெண்தான் இருந்தாள். உறையைக் கொடுக்கும்போது அவள் முகம் வேறு மாதிரி இருந்தது. ஒரு தடவைக்கு இரண்டு தடவை போட்டுப் பார்த்தோம், இன்றைக்கே ஒரு டாக்டரிடம் காட்டுங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள் என்றாள். அத்தைக்கு அவளைக் கட்டிப் பிடிக்காத குறை. பார்க்கிறவர் முகமே மாறுகிற அளவுக்குக் குறைந்திருக்கிறதென்றால் ஏழாவது மாடி கைக்குள் வந்த மாதிரிதானே.

உறையைப் பிரிக்கலாம் என்று நான் நச்சரித்தேன். விடவில்லை. பிரித்துக் கொண்டுபோனால் நாமே ஏதோ திருத்திவிட்டோம் என்று மேனேஜர் சொல்வார், ஒட்டினது ஒட்டினபடி அவர் கையில்தான் கொடுக்க வேண்டும் என்றாள். டாக்டர் எங்கே ஓடிப்போகப் போகிறார், முதலில் இடத்தைப் பிடிப்போம் என்றாள். அன்றைக்கு ராத்திரி அந்த உறையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினாள். அம்மா டாக்டரைப் பற்றி எடுத்தபோது, நாளைக்கு வேலை முடிந்ததும் போகிறேன் அண்ணி என்று சமாதானம் சொன்னாள்.

அதற்கப்புறம் நடந்ததை அவளோடு வேலை பார்த்தவர்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். மேனேஜர் உறையைப் பிரித்தார். படித்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். எண் எழுத வேண்டிய இடத்தில், இதற்கு மேல் அளக்க எங்கள் மெஷினால் ஆகாது என்று போட்டிருந்தது.

"உனக்கா வெயில் குறைச்சல்? நீ ஊருக்கே சப்ளை பண்ணலாம் போலிருக்கே" என்றாராம்.

இரண்டு பேரும் சிரித்தார்களாம். அத்தை காகிதத்தை வாங்கி மடித்துக்கொண்டு கீழே இறங்கினாள். மேஜைக்கு வந்தாள். ஒரு வெள்ளை விரிப்பை விரித்து, மருந்தைத் தொட்டு, தேய்க்க ஆரம்பித்தாள். அதில் கறையே இல்லை, அது துவைத்து உலர்த்தி வைத்த விரிப்பு என்று பக்கத்தில் இருந்தவள் இரண்டு மூன்று தரம் சொல்லியிருக்கிறாள். அத்தை தேய்த்துக்கொண்டே இருந்தாள். மருந்து பட்ட இடத்தில் துணி நூல் நூலாகப் பிரிந்து ஓட்டை விழுந்தது. அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டே கால் மடங்கி உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

ரோலர் அக்காதான் ஏழாவது மாடியிலிருந்து ஓடி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். நாங்கள் போனபோது அத்தைக்கு இரண்டு கையிலும் குழாய். டாக்டர் என்னைவிடக் கொஞ்சம்தான் பெரியவளாக இருப்பாள், தூக்கமில்லாத கண். என்ன மாத்திரை, எவ்வளவு என்று கேட்டாள். வாரத்துக்கு ஒண்ணுதான் டாக்டர் என்று ரோலர் அக்கா சத்தியம் செய்தாள். அம்மாவும் ஆமாம் என்றாள். கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது.

"தினமும்." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "கால் ரொம்ப வலிச்சா ரெண்டு."

"வாரத்துக்கு ஒண்ணுன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனேடி" என்றாள் ரோலர் அக்கா.

"உன்னுது புதுக் கறை" என்றாள் அத்தை. "என்னுது பழசு."

டாக்டருக்கு அது புரியவில்லை. எங்களுக்குப் புரிந்தது.

தண்ணீரில் கரைந்து வெளியே போகிற விட்டமின் இல்லையாம் இது. கொழுப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டு மாதக் கணக்கில் கிளம்பாதாம். மாத்திரையை நிறுத்தியதெல்லாம் அதற்கு உறைக்கவே இல்லை. அது ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றி, ஏறிய கால்சியம் தலையைக் குழப்பி, வயிற்றைப் புரட்டி, சிறுநீரகத்தை அடைத்திருக்கிறது. டீயில் விழுந்த உப்பு, சர்க்கரை டப்பாச் சாவி, அப்பாவின் கல்யாணம், எல்லாவற்றுக்கும் டாக்டர் ஒவ்வொன்றாகக் காரணம் சொல்லிக்கொண்டே போனாள். தலை தெளிந்துவிடும் என்றாள், பெரும்பாலும். சிறுநீரகத்தில் போனது போனதுதான் என்றாள். நேற்று வந்திருந்தால் என்று அம்மா ஆரம்பித்தாள். டாக்டர் குழாயைச் சரிசெய்தாள்.

ஆஸ்பத்திரி விரிப்பின் ஓரத்தில் நீல மையால் முத்திரை குத்தியிருந்தது. அத்தை நாளெல்லாம் அதைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னை அண்ணி என்று கூப்பிட்டாள். அம்மாவை யாரோ மாதிரி பார்த்தாள். ஒரு மதியம் அம்மா வெளியே போயிருந்த நேரம், ரப்பர் பல்லியைக் கொண்டுபோய் அவள் தலையணையில் வைத்தேன். வீட்டில் இருந்தால் கூரை பறந்திருக்கும். அத்தை அதைப் பார்த்தாள். இரண்டு விரலால் எடுத்து, விரிப்பின் மூலையில் சுற்றி, பக்குவமாக மடித்து, அந்தப் பக்கம் வந்த நர்ஸிடம் நீட்டினாள். துணியோடு விழுந்தது, எடுத்து வைங்க, ஆள் வந்து கேட்பாங்க என்றாள். நர்ஸ் என்னைப் பார்த்தார். நான் என்னுடையதுதான் என்று வாங்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போய், மின்விசிறி இல்லாத ஒரு மூலையில் ரொம்ப நேரம் நின்றேன்.

தெளிந்தாள். மெல்ல மெல்லத்தான். முதலில் அம்மாவை அண்ணி என்றாள், பிறகு என்னைச் சனியனே என்றாள். அன்றைக்கு நான் ஆஸ்பத்திரிக் கேன்டீனில் இரண்டு டீ குடித்தேன். வீட்டுக்கு அனுப்பும்போது அளவாகச் சாப்பாடு, பால் கூடாது, நிறையத் தண்ணீர், மாதா மாதம் அதே ரத்தப் பரிசோதனை என்று சொல்லி அனுப்பினார்கள். எண் இறங்கும் வரை வெயிலிலும் நிற்கக்கூடாது.

ஏழாவது மாடி இடம் அதற்குள் வேறொருத்திக்குப் போய்விட்டது. கறை மேஜைக்கும் ஆள் போட்டாயிற்று. மேனேஜர் ரோலர் அக்காவிடம் சொல்லியனுப்பியிருந்தார்: கீழே கைத்துடைப்புத் துணி மடிக்கிற மேஜை இருக்கிறது, உட்கார்ந்து செய்கிற வேலை, வேண்டுமென்றால் வரலாம். பழகின ஆள் என்று இரக்கப்பட்டதாக அவர் நினைத்திருக்க வேண்டும். இனி அந்தப் பள்ளத்துக்குப் போகவே வேண்டாம் என்று அம்மா ஒரே பிடியாக நின்றாள். அப்பாவும் போனில் அதையேதான் சொன்னார். அத்தை சுவரில் சாய்ந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டாள்.

"வெயில் படக்கூடாதுன்னு டாக்டரே சொல்லிட்டாங்க அண்ணி. அதுக்கு எங்க ஆபீஸ விட்டா வேற நல்ல இடம் ஏது?"

சிரிக்க வேண்டிய இடம்தான். அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் நான் கூடப் போனேன். பை வேறு கனமாக இருந்தது, ஒரு பாட்டில் தண்ணீர் இல்லை, இரண்டு. ஊழியர்கள் நுழைகிற வாசல் கட்டடத்தின் பின்புறம், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில். அங்கே காவலாளியிடம் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். அத்தை என் கையிலிருந்த பையைத் திறந்து அட்டையைத் தேடினாள். பையின் இந்த அறையில் பார்த்தாள், அந்த அறையில் பார்த்தாள், பாட்டிலை வெளியே எடுத்து அடியில் பார்த்தாள். அட்டை அவள் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. நான் காலையில் மாட்டிவிட்டது.

"உடம்பு சரியில்லாம போயும் குறும்பு போகல பாரு" என்று காவலாளி சிரித்தார். அவருக்கு அவளைப் பல வருஷமாகத் தெரியும்.

அத்தை என்னைப் பார்த்தாள். கண்ணில் குறும்பே இல்லை, வெறும் பயம்தான் இருந்தது. பிறகு காவலாளியின் சிரிப்பைப் பார்த்து, அவர் பார்வை போன இடத்தைப் பார்த்து, குனிந்து அட்டையைக் கண்டுபிடித்துவிட்டு அவளும் சிரித்தாள். நானும் சிரித்தேன். "ரொம்பத்தான் நடிக்காத அத்தை" என்றேன், காவலாளிக்குக் கேட்கிற மாதிரி.

அவள் பையை வாங்கிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள்.